கைவிசேடத்தில் போன வீடு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், எனக்கு ஒரு வீடு இருந்தது. எனக்கு என்று சொல்வது சட்டப்படி பிழை. உறுதிப் பத்திரம் அப்பாவின் பெயரில்தான் இருந்தது. ஆனால் அப்பா அந்த நிலத்தை வாங்கியதே நான் பிறந்த பிறகுதான், எனக்குச் சீதனமாகக் கொடுப்பதற்குத்தான். அவர் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். வெற்றிலை போடமாட்டார், சுருட்டுப் பிடிக்கமாட்டார், ரிக்‌ஷாவில் ஏறமாட்டார். மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தச் சுவர்களுக்குள் போயிற்று. நான் ஒரே பிள்ளை. சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் அம்மா, “பிள்ளையின்ரை வீடு, பார்த்து அடியுங்கோ” என்பார்.

பெரிய வீடு என்று நினைத்துவிடாதீர்கள். முன் விறாந்தை, ஒரு ஹோல், மூன்று அறை, பின்னால் குசினி. மேற்குப் பக்க அறை யன்னலைத் திறந்தால் கடற்காற்று உள்ளே வந்து விளக்கை அணைத்துவிடும். சுவாமி விளக்கு ஏற்றுகிற நேரத்தில் அந்த யன்னலைச் சாத்துவது சின்ன வயதிலிருந்து என் வேலை. கடலுப்பில் கொளுக்கி துருப்பிடித்திருக்கும். ஒரு சின்னத் தூக்குத் தூக்கித்தான் சாத்தவேண்டும். வேறு யாருக்கும் அது ஒரே தரத்தில் படியாது.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை இரத்மலானைப் பக்கம் வானத்தில் விமானங்கள் சண்டை பிடித்ததை எங்கள் ஒழுங்கையில் நின்றே பார்த்தோம். அடுத்த கிழமைக்குள் ஒழுங்கையில் பாதி வீடுகளுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. சனம் மூட்டை முடிச்சோடு யாழ்ப்பாண ரயிலில் தொங்கிக்கொண்டு போயிற்று. அப்பாவுக்கு லீவு இல்லை, அரசாங்க உத்தியோகத்தர் கொழும்பை விட்டு அசையக்கூடாது. அம்மாவையும் என்னையும் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தான் நாலைந்து கந்தோர்க்காரரோடு சமரி என்கிற ஒரு கூட்டு வீட்டில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம் என்று அவர் யோசித்தார். பிரச்சினை வீடுதான். கடற்கரைப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த வீடுகளை இராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஒழுங்கை முனையில் இரண்டு வீடு ஏற்கெனவே போய்விட்டது. விறாந்தைக் கம்பியில் வெள்ளைக்காரச் சோல்தாதுகளின் காற்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கேட்பதற்கு ஒருவரும் இல்லை, அதுவும் சட்டம்தான்.

அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் அப்பா ஆள் தேடினார். அவருடைய கந்தோரிலேயே அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் இருந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். மருதானையில் ஒரு ஒடுக்கமான அறையில் மனைவியையும் கைக்குழந்தையையும் தங்கையையும் வைத்துக்கொண்டு மூச்சு முட்டிக்கொண்டிருந்தவர். அப்பா அவரைத் ‘தம்பி’ என்பார், அம்மா ‘கந்தோர்த் தம்பி’ என்பார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

“தம்பி, நீர் ஒரு உதவி செய்யவேணும். வந்து எங்கட வீட்டிலை இரும். வாடகை உமக்கு ஏலுமானதைத் தாரும்,” என்று அப்பாதான் அவரிடம் போய்க் கேட்டார். இதை நான் மறக்கக்கூடாது. அவர் வந்து எங்களைக் கேட்கவில்லை.

புறப்படுகிற அன்று கந்தோர்த் தம்பியின் மனைவி வாசலில் கூச்சத்தோடு நின்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் குசினியைக் காட்டினார், கிணற்றடியைக் காட்டினார், எந்த யன்னல் எப்படிச் சாத்தும் என்று காட்டினார். “கூச்சப்படாதேங்கோ பிள்ளை. உங்கட வீடு மாதிரி நினைச்சுக்கொண்டு இருங்கோ,” என்றார். எங்கள் ஆட்கள் யாருக்கும் சொல்லுகிற வார்த்தைதான். வந்தவர்கள் “ஓம் ஓம்” என்று தலையாட்டிவிட்டுக் கதிரை நுனியில் இருப்பார்கள். அந்த வார்த்தைக்கு யாரும் பொருள் பார்ப்பதில்லை. எழுத்தில் ஒன்றும் வைக்கவில்லை. எங்கட ஆள்தானே, எழுதிக் கேட்டால் மரியாதையாக இருக்குமோ என்று அப்பா சொன்னார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஊரில் இருந்தோம். குண்டு திரும்ப விழவில்லை. ஓடிப்போன சனமெல்லாம் கொழும்புக்குத் திரும்பியது. யுத்த வேலைக்கென்று புதிய சனமும் வந்தது. தலை வைக்க இடமில்லாமல் வாடகை தறிகெட்டு ஏறத் தொடங்கியதும் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். யுத்தத்துக்கு முன்னால் இருந்த வாடகைக்கு மேல் ஒரு சதமும் கேட்கக்கூடாது. ஒழுங்காக வாடகை கட்டுகிறவனை எழுப்பக்கூடாது. வீடு வீட்டுக்காரனுக்கே தேவை என்றால் அதைக் கோட்டில் காட்டி நீதவானை ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும். நல்ல சட்டம். எத்தனையோ ஏழைக் குடும்பங்களை நடுத்தெருவில் நிற்கவிடாமல் அது காப்பாற்றியது. நான் அதைத் திட்டுவேன் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் எங்களையும் அது காப்பாற்றியது.

நாங்கள் திரும்பி வந்தபோது கந்தோர்த் தம்பியின் மனைவிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். “வீடு தேடுறன் அண்ணை. கிடைச்ச உடனை எழும்பிவிடுவன்,” என்றார் கந்தோர்த் தம்பி. அப்பாவும் சரி என்றார். அதுவரைக்கும் இருக்க அப்பா கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடியைப் பிடித்தார். கீழே இரும்புக்கடை. கடைக்காரரான முஸ்லிம் முதலாளிதான் கட்டடத்துக்கும் சொந்தக்காரர். அவர் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீட்டில் தன் தம்பியின் குடும்பத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார். மாதா கோயில் மணியும் இரும்புக் கம்பி இறக்குகிற சத்தமும் கேட்டபடி நாங்கள் மேலே குடிபோனோம். ஒரு தடவை முதலாளி வாடகையைக் கொஞ்சம் கூட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பா சட்டத்தை எடுத்துச் சொன்னார். முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு படியிறங்கிப் போனார். அப்பா அன்று சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

வெள்ளவத்தை வீட்டுக்கு முனிசிப்பல் வரி ஏறியது. அதை அப்பா கட்டினார். ஓடு உடைந்து ஒழுகியது. வீட்டுக்காரர்தானே திருத்தவேண்டும் என்று கந்தோர்த் தம்பி பணிவாகச் சொன்னார். அப்பா ஆள் பிடித்துத் திருத்தினார். வாடகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நாள் போகப்போக வீடு தேடுகிற கதையும் நின்றுபோயிற்று. “இடத்தைக் குடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்,” என்று அம்மா ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது சொன்னார். ஆனால் கந்தோர்த் தம்பிக்குப் போக உண்மையிலேயே இடமிருக்கவில்லை. பாமன்கடைப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டிலுக்குக்கூட முற்பணம் கேட்டார்கள்.

எனக்குக் கலியாணத்துக்கு இடம் வந்தது அப்போதுதான். மாப்பிள்ளை கொழும்பில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி. பொருத்தம் பார்த்தாயிற்று. ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் கையில் பூ வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற நிலை எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவிடம்கூட இதை நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மேல்மாடி யன்னலில் நின்று, மேற்கு அறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று யோசித்தேன். அவ்வளவு வெட்கம் கெட்டவளாக இருந்தேன்.

மாப்பிள்ளையின் தாயாருக்கு ஒரே ஒரு நிபந்தனை. “காசு நகை எல்லாம் நீங்கள் விரும்பினதைப் போடுங்கோ. வெள்ளவத்தை வீட்டுத் திறப்பை மட்டும் கையிலை தாருங்கோ, நாளைக்கே நாள் வைப்பம். மகன் குவாட்டஸ் இல்லாமல் அந்தரப்படுறான்.”

அவர்களுக்கு வீட்டைக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனோம். கந்தோர்த் தம்பியின் மனைவி விழுந்து விழுந்து உபசரித்தார். எங்களுடைய ஹோலில், எங்களுடைய கதிரைகளில் எங்களை இருத்தி, தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் தந்தார். மாப்பிள்ளையின் தாயார் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே அறைகளில் காய்ந்த பிள்ளைச் சீலைகளைப் பார்த்தார். திரும்பும்போது ஸ்டேசனில், “வீடு வடிவுதான். ஆனால் ஆக்கள் நல்லா வேர் விட்டிட்டினம்,” என்றார்.

அப்பா அடுத்த நாள் கந்தோரில் வைத்து, வீட்டை விட்டுத் தரமுடியுமா என்று கந்தோர்த் தம்பியைக் கேட்டார். பிறகு வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொன்னார். கந்தோர்த் தம்பி கண் கலங்கிவிட்டாராம். “அண்ணை, உங்கட பிள்ளை எனக்குத் தங்கச்சி மாதிரி. எனக்கு ஒண்டும் விளங்காமல் இல்லை. ஆனால் எங்கை போறது, நீங்களே சொல்லுங்கோ,” என்றாராம். இருவரும் ஒரே மேசை வரிசையில் இருந்து பின்னேரம் வரைக்கும் வேலை செய்தார்கள்.

வேறு வழியில்லாமல் பிறக்கிராசியாரிடம் போனோம். கோட்டு அலுவல் பார்க்கிற வக்கீலுக்கு எங்கள் ஆட்கள் சொல்லுகிற பெயர் அது. அவருடைய அறை புதுக்கடையில், கோட்டுக்கு எதிரே. அப்பா சட்டைப்பையிலிருந்து வெள்ளவத்தை வீட்டின் திறப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். “என்னட்டை இன்னொரு திறப்பு இருக்கு,” என்றார்.

பிறக்கிராசியார் அதைத் தொடவில்லை. “அதைக் கொண்டு திறந்து உள்ளுக்குப் போனீங்களெண்டால், குற்றவாளிக் கூட்டுக்குள்ளை நிக்கிறது நீங்களாத்தான் இருக்கும். பேசாமல் பையிலை வையுங்கோ.” பிறகு அவர் வழியைச் சொன்னார். எழும்பச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவது. தவணை முடிந்தும் எழும்பாவிட்டால் வழக்குப் போடுவது. மகளுடைய கலியாணத்துக்கு வீடு தேவை என்பது நல்ல காரணம், நீதவான் கேட்பார். “ஆனால் ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ. நோட்டீஸ் தவணை முடிஞ்ச பிறகு அவரிட்டை ஒரு சதமும் வாடகை எண்டு வாங்கக்கூடாது. வாங்கினால் நீங்களே அவரைத் திரும்பவும் குடியிருத்தினதாய் முடியும்.”

அப்பா வந்து அம்மாவிடம் இதை மூன்று தரம் சொன்னார். அம்மா, “எனக்கென்ன விசரே? வாடகையை ஏன் வாங்குறன்?” என்றார். நோட்டீஸ் போனது. தவணையும் முடிந்தது. கந்தோர்த் தம்பி மணியோடரில் அனுப்பியதை அப்பா பிரிக்காமலே திருப்பினார். கந்தோரில் கையில் கொடுக்க வந்தபோதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வழக்கும் போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வருடப்பிறப்புக் கழிந்து ஒரு முடிவு சொல்லச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வருடப்பிறப்பன்று காலை மூலிகை மருத்துநீரைத் தலையில் வைத்துத் தோய்ந்து, புது உடுப்பு உடுத்து, அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். பஞ்சாங்கத்தில் கைவிசேடத்துக்குக் குறித்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வருடத்தின் முதல் கொடுக்கல் வாங்கல் அதுதான். சுபநேரத்தில் வெற்றிலையில் காசை வைத்துக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் இரண்டு கையாலும் வாங்கவேண்டும். அந்தக் கை எப்படியோ அப்படித்தான் வருடம் முழுக்க வீட்டுக்கு வரவு என்று நம்பிக்கை. எங்களுக்கு முதல் கைவிசேடம் தருவது அப்பாதான். அவரைக் காணவில்லை என்று அம்மா படிக்கட்டுக்கும் யன்னலுக்குமாக நடந்தார்.

படியில் ஆள் ஏறுகிற சத்தம் கேட்டது. அப்பா இல்லை. கந்தோர்த் தம்பி, மனைவி, இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகப் பிள்ளைகள், பின்னால் என் வயதுத் தங்கை. மனைவியின் கையில் தட்டம். தட்டத்தில் பலகாரமும் வெற்றிலைச் சுருளும். “அக்கா, வருசத்து நாளிலை மனத்தாங்கல் வேண்டாம். வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும்,” என்று சொல்லி மனைவி தட்டத்தை நீட்டினார். “இந்தாங்கோ, எங்கட கைவிசேடம்.”

அம்மா இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் ஒரு எண்ணமும் வரவில்லை. சுபநேரத்தில் வாசலுக்கு வந்த கைவிசேடத்தை வேண்டாமென்று சொல்லுகிற வீடு எங்கேயாவது உண்டா? அதுவும் கலியாணம் பேசுகிற பெண் இருக்கிற வீட்டில்? அம்மா பதிலுக்கு அந்தப் பிள்ளைகளுக்கு வெற்றிலையில் சில்லறை வைத்துக் கொடுத்தார். எல்லோரும் பலகாரம் தின்றோம். நெடுநாளுக்குப் பிறகு அன்றுதான் அம்மா கந்தோர்த் தம்பியைத் திட்டாமல் இருந்தார்.

அவர்கள் போன பிறகு அம்மா சுருளைப் பிரித்தார். நோட்டுகள் இருந்தன. அச்சொட்டாக ஒரு மாத வாடகை. அப்பா வந்து அதைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. “இதைத் திருப்பிக் குடுக்கவேணும்,” என்றார்.

“கைவிசேடத்தைத் திருப்பிக் குடுக்கிறதோ?” அம்மா நெஞ்சில் கை வைத்தார். “இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன பிடிச்சது? பிள்ளைக்கு நல்ல காரியம் நடக்கப்போற வருசம். வந்த லட்சுமியை ஆரும் படியாலை இறக்கி விடுவினமே? வாடகை எண்டு அவை சொல்லேல்லை, நானும் வாங்கேல்லை. சாமி படத்துக்கு முன்னாலை வைச்சிட்டன், இனி எடுக்கேலாது.”

கடைசியில் அப்பாவும் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். கைவிசேடம் கைவிசேடம்தான், வாடகை வாடகைதான். கந்தோர்த் தம்பி எங்கள் ஆள். அதை இது என்று சொல்லுவாரா? பிறக்கிராசியாரிடம் சொல்லவும் அவருக்கு வெட்கமாக இருந்தது. சட்டம் படித்தவர்கள் பலகாரத்தட்டத்தையும் சந்தேகிப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

வழக்கு நாளன்று அம்மா வரவில்லை. நான் அப்பாவோடு போய்ப் பின் வாங்குப் பலகையில் இருந்தேன். கோட்டு நிறைய எங்களைப் போன்ற சனம். எழும்பாதவர்களும் எழுப்ப முடியாதவர்களும் ஒரே வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். அவர்களில் யார் வீட்டுக்காரர், யார் குடியிருப்பவர் என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. எல்லோர் முகமும் ஒரே மாதிரி வாடித்தான் இருந்தது.

மறுபக்கத்துப் பிறக்கிராசியார் எழும்பி அப்பாவிடம் இங்கிலீசில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நோட்டீஸ் தவணை முடிந்த பிறகு, உங்கள் மனைவி ஒரு மாத வாடகைக்குச் சமமான பணத்தை வாங்கினாரா இல்லையா?

அப்பாவின் இங்கிலீசு கந்தோரில் நல்ல பேர் எடுத்த இங்கிலீசு. அன்று அது ஒரு சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டது. “கைவிசேடம்” என்று தமிழிலேயே சொன்னார். நீதவான் நிமிர்ந்து பார்த்தார். மொழிபெயர்க்கிற முதலியார் அதைப் புத்தாண்டு அன்பளிப்பு என்று இங்கிலீசில் சொன்னார். அன்பளிப்பு என்றால் எப்படி வாடகைக் கணக்குக்குச் சரியாக வரும் என்று நீதவான் கேட்டார். விருப்பமில்லாவிட்டால் ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்டார்.

“கைவிசேடத்தைத் திருப்பிக் குடுக்கிறதில்லை, ஐயா,” என்றார் அப்பா, திரும்பவும் தமிழில்.

கோட்டில் சிலர் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் சிலர் சிரிக்கவில்லை. நான் கந்தோர்த் தம்பியைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சூதாகத்தான் கொண்டுவந்தாரா, அல்லது கடன் வைத்துக்கொண்டு புதுவருடத்தைத் தொடங்கக்கூடாது என்று நினைத்து நல்ல மனதோடு கொண்டுவந்ததை அவருடைய பிறக்கிராசியார் பிறகு பிடித்துக்கொண்டாரா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. இரண்டும் நடந்திருக்கக்கூடியதுதான். நோட்டீஸுக்குப் பிறகு வாடகை வாங்கியபடியால் அந்த நோட்டீஸ் செல்லாது, குடியிருப்புத் தொடர்கிறது என்று நீதவான் சொன்னார். அவர் எங்களைக் கோபித்துக்கூடச் சொல்லவில்லை. சட்டம் அப்படி இருந்தது, அதை வாசித்தார், அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் எங்கள் பிறக்கிராசியார் தலையில் அடிக்காத குறை. “திரும்ப முதலிலை இருந்து தொடங்கவேணும். அடுத்தமுறை இன்னும் கஷ்டம். உங்களுக்குக் கொட்டாஞ்சேனையிலை இருக்க இடம் இருக்கு, அங்கையிருந்து உங்களை ஒருவரும் எழுப்பவும் ஏலாது, அப்ப என்ன அவசரம் எண்டு கேப்பினம்.” அப்பா முன்னால் நடந்தார். பையில் திறப்பு குலுங்கியது. வீட்டுக்குப் போனதும் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போய் இருந்தார். அப்பா ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அம்மாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் விலகினார்கள். தாயார் ஆள் விட்டுச் சொன்னார், வேறு காரணமில்லை, மகனுக்கு வீடு அவசரம் என்று. வேறு காரணம் சொல்லியிருந்தாலாவது கோபப்பட ஒரு பிடி இருந்திருக்கும். அடுத்த தையில் அவருக்குத் தெகிவளைப் பக்கம் கலியாணம் நடந்தது. நான் கொஞ்சநாள் யன்னல் பக்கம் போகவில்லை.

அந்த வருட முடிவில் ஒரு பின்னேரம் இரும்புக்கடை முதலாளி படியேறி வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். “ஐயா, மகளுக்கு எடம் ஒண்டு வந்தீக்கி. நல்ல புள்ள. எங்கட ஆக்கள் பொம்புளப் புள்ளைக்கு ஊடு குடுக்காம கலியாணம் செய்றல்ல. எனக்கு ஈக்கிறது இந்த மாடி மட்டும்தான்,” என்றார்.

அப்பா என் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“சட்டம் ஈக்கி எண்டு எனக்கும் தெரியும் ஐயா. நான் சட்டத்த பேச வரல்ல. ஒங்களுக்கும் ஒரு பொம்புளப் புள்ள ஈக்கிதானே, அதால கேக்கிறேன்.”

அப்பா வாய் திறந்தார். அவருடைய வாயிலிருந்து வந்தது அவருடைய வார்த்தை இல்லை. “முதலாளி, எனக்கு ஒண்டும் விளங்காமல் இல்லை,” என்றார். “ஆனால் எங்கை போறது, நீங்களே சொல்லுங்கோ.”

யாரில் கோபப்படுவதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு உண்மையாகவே போக இடமில்லை. வெள்ளவத்தையில் இருந்தவருக்கும் இல்லை. எங்கள் கதவைத் திறந்தால்தான் முதலாளியின் கதவு திறக்கும், எங்கள் கதவோ இன்னொருவர் பிடியில். மூன்று வீட்டுப் பெண்களையும் ஒரே சட்டக் கடதாசி கட்டிவைத்திருந்தது, அதில் எங்கள் ஒருவரின் பெயரும் இல்லை. முதலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டு, “பரவாயில்ல ஐயா,” என்று சொல்லி இறங்கினார். அந்த மகளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மூன்று வீடு என்று நான் நினைத்தது பிழை. மூன்றாவது பெண்ணுக்கு வழி பிறந்தது. கந்தோர்த் தம்பி தன் தங்கையின் கலியாணத்துக்கு வெற்றிலை வைத்துச் சொல்ல வந்தார். மாப்பிள்ளைக்கு இரத்மலானையில் ரயில்வே வேலை. வெள்ளவத்தையில் சொந்தமாகக் குடியிருக்கிற குடும்பம் என்று மதித்துச் செய்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அம்மா வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டார். அப்பா, “ஒரே கந்தோர். போகாட்டில் சரியில்லை,” என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒழுங்கை முழுக்கத் தோரணம். எங்கள் கேற்றில் இரண்டு வாழை. விறாந்தையில் கந்தோர்த் தம்பியின் மனைவி பன்னீர் தெளித்துச் சந்தனம் நீட்டினார். அவர் சந்தோஷத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார், ஒரு கள்ளமும் அந்த முகத்தில் இல்லை.

“வாங்கோ, வாங்கோ. கூச்சப்படாதேங்கோ. உங்கட வீடு மாதிரி நினைச்சுக்கொண்டு இருங்கோ,” என்றார்.

அப்பா, “ஓம் ஓம்,” என்று தலையாட்டினார். போய்ச் சுவரோரம் ஒரு வாடகைக் கதிரையின் நுனியில் இருந்தார்.

என்னை உள்ளே பெண்களோடு இருத்தினார்கள். மேற்கு அறையில்தான் பெண்ணுக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் குத்துவிளக்கு. திடீரென்று கடற்காற்று உள்ளே வந்து சுடரைச் சாய்த்தது. கலியாண வீட்டில் விளக்கு அணையப்போகிறது என்று பெண்கள் பதறி எழும்பினார்கள். ஒருவர் யன்னலை இழுத்தார், அது படியவில்லை. நான் எழும்பிப் போய்க் கொளுக்கியை ஒரு சின்னத் தூக்குத் தூக்கிச் சாத்தினேன். ஒரே தரத்தில் படிந்தது. சுடர் நிமிர்ந்தது.

மாப்பிள்ளை பகுதியைச் சேர்ந்த ஒரு அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். “நல்ல நேரத்திலை சாத்தினீர் பிள்ளை. நீர் இந்த வீட்டுக்கு என்ன முறை?”

சொல்ல எத்தனையோ இருந்தது. மணப்பெண் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் பயந்தது அவள் கண்ணில் தெரிந்தது.

“ஒரு முறையும் இல்லை,” என்றேன். “தெரிஞ்ச ஆக்கள்.”